மாலை ஐந்து மணிக்குப் போக ஓரிடம்



மான்குர்டு ரயில் நிலையத்தில் மாலைதோறும் உட்கார்ந்திருக்கும் இளைஞர்களை நம்மில் பலர் பார்த்திருப்போம். அவர்கள் எங்கும் போகப் புறப்பட்டவர்கள் அல்லர். எவரையும் எதிர்பார்த்து நிற்பவர்களும் அல்லர். ரயில்வேயில் எழுத்தராகப் பணிபுரியும் நாம், ‘வேலையற்ற வீணர்’ என்று மனத்துள் முத்திரை குத்திவிட்டு அவர்களைக் கடந்து செல்வது வழக்கம். ஒரு நாள் அக்கூட்டத்தில் நம் தமக்கையின் மகனைக் கண்டோம்.

தமக்கையின் குடும்பம் டிராம்பே, சீத்தா கேம்ப்பில் வசிக்கிறது. வீடு பத்தடி அகலம். அத்தான் இரவுப் பணிக்குச் செல்பவராதலால் பகலில் உறங்கியாக வேண்டும். பையனுக்கு வயது பதினாறு. தொடக்கப் படிப்பைத் தமிழில் முடித்தவன். வேறு மொழிப் பள்ளிக்கு மாறியபின் பாடம் விளங்காமல் ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டான்.

“ஏனடா இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறாய்?” என்று அதட்டினோம்.

“வேறு எங்கே மாமா உட்காருவது?” என்றான்.

அக்கேள்விக்கு நம்மிடம் விடை இல்லை. விடை இல்லாதபோது பெரியவர்கள் செய்வதையே நாமும் செய்தோம். முன்னிலும் உரக்க அதட்டினோம்.

இரண்டு திங்கள் கழித்துத் தமக்கை ஒரு செய்தி சொன்னாள். இஸ்லாமிய அன்பர்களின் தரும ஸ்தாபனம் ஒன்று இளைஞர்களுக்கென நடத்தும் இடத்திற்குப் பையன் நாள்தோறும் போகிறானாம். அவள் கவலைப்பட்டாள். உண்மையைச் சொல்வதானால், நாமும் கவலைப்பட்டோம். நம் பிள்ளைக்கு அங்கே என்ன போதிக்கிறார்களோ என்ற ஐயத்துடன், அறிவிக்காமலே ஒரு மாலை அங்கே போய் நின்றோம்.

கடையொன்றின் மாடியில் இரண்டு அறைகள். ஒன்றில் கேரம் பலகை. மற்றதில் நீண்ட மேசை, விசிறி, அன்றைய நாளிதழ்கள். நால்வர் ஆடிக்கொண்டிருந்தனர். மூவர் எழுதிக்கொண்டிருந்தனர். ஒருவன் சுவரோரமாக நன்றாக உறங்கிக்கொண்டிருந்தான்.

“வாருங்கள் தம்பி, அமருங்கள்” என்று வரவேற்றார் பொறுப்பாளரான பெரியவர். நெல்லைச் சீமைக்காரர் என்பது பேச்சிலேயே தெரிந்தது. உறங்குகிறவனை ஏன் எழுப்பவில்லை என்று கேட்டோம். “வீட்டில் அவனுக்குப் படுக்க இடம் கிடைக்கும் நேரம் இரவு பதினொன்று. இங்கே வருகிறவனிடம் பெயரைத் தவிர வேறெதையும் முதலில் கேட்பதில்லை. பத்து நாள் சும்மா வந்து போனவன், பதினோராம் நாள் தானாகவே வாய் திறப்பான்” என்றார்.

நம் மருமகனும் அவ்விதமே வாய் திறந்திருக்கிறான். பள்ளியை விட்டவர்கள் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத மகாராஷ்டிர வாரியத்தில் 17ஆம் எண் படிவம் உண்டு. அதை நிரப்பி, பழைய பள்ளியின் சான்றிதழைத் தேடி வாங்கி, மாலையில் கணக்கும் சொல்லித் தருகிறார்கள். மெட்ரிகுலேஷன் தேறிய தாய்மாமன் நாம் இருக்க, அந்தப் படிவத்தின் பெயர்கூட நமக்குத் தெரிந்திருக்கவில்லை.

பணம் எங்கிருந்து வருகிறது என்று வினவினோம். ஓராண்டு கைவசம் நின்ற சேமிப்பில் நாற்பதில் ஒரு பங்கை ஜகாத்தாகக் கொடுப்பது வசதியுள்ள முஸ்லிம்களின் கடமை. அதைப் பெற உரிய எட்டு வகையினரைக் குர்ஆன் வகுத்திருக்கிறது. “ஆகவே ஏழைப் பிள்ளையின் தேர்வுக் கட்டணத்துக்கு ஜகாத், கேரம் பலகைக்கும் மின்விளக்குக்கும், மனமுவந்து தரும் சதக்கா. இரண்டு கணக்கும் தனித்தனி” என்று இரண்டு நோட்டுகளைக் காட்டினார். கணக்கெழுதுவதே தொழிலாக உடைய நமக்கு அந்த நோட்டுகளின் ஒழுங்கு பிடித்திருந்தது.

பேச்சு பழங்காலத்துக்குத் திரும்பியது. அணு ஆராய்ச்சி நிலையத்தை அடுத்திருந்த ஜனதா காலனியில் பிறந்தவராம் அவர். சுமார் 70,000 மக்கள் வாழ்ந்த அக்குடியிருப்பு, நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மே மாதத்தில் இடிக்கப்பட்டது. மக்கள் சீத்தா கேம்ப்புக்குப் பெயர்க்கப்பட்டனர். கதவையும் தகரத்தையும் தலையில் சுமந்து வந்தபோது அவருக்கும் வயது பதினாறு.

அக்காலனியைக் காக்கப் போராடிய ஜாக்கின் அற்புதம் அவர்களை நம் வாசகர்கள் அறிவர். கோலார் தங்கவயலில் பிறந்து, 1963இல் பம்பாய்க்கு வந்த தச்சுத் தொழிலாளி. பின்னாளில் தேசியக் குடிசைவாசிகள் சம்மேளனத்தை உருவாக்கி, 2000இல் மகசேசே விருது பெற்றவர், 2018இல் மறைந்தார். அவர் முதலில் தொடங்கியது போராட்டமன்று. காலனிப் பிள்ளைகளைக் கூட்டிப் பாட்டுப் பாடினார், அதுவே பள்ளிக்கூடமாயிற்று. மாநகராட்சி குப்பை அள்ளாதபோது, ஆளுக்கொரு குப்பைப் பொட்டலத்துடன் அப்பிள்ளைகளை அழைத்துச் சென்று அலுவலகத்தின் முன்னேயே கொட்டச் செய்தார். “பிள்ளைகள் கூட ஓரிடம் இருந்தால் மற்றவை பிறகு வரும் என்பதை அங்கே கண்டோம்” என்றார் பெரியவர்.

அப்போது பாங்கு ஒலித்தது. பெரியவரும் சில இளைஞர்களும் பள்ளிவாசலுக்கு எழுந்தனர். போகும்போது சாவிக்கொத்தை நம் மருமகனிடம் கொடுத்துவிட்டு, “பார்த்துக்கொள்” என்று மட்டும் சொன்னார். அவன் அதை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மீண்டும் கணக்கில் ஆழ்ந்தான். நம் வீட்டில் அவனிடம் எவரும் எந்தச் சாவியையும் கொடுத்ததில்லை. நாம் சோதிக்கச் சென்றது எதை என்பதே அந்நேரம் மறந்துவிட்டது.

அங்கும் குறை இல்லாமலில்லை. பெண்பிள்ளைகளுக்கு ஒதுக்கிய பிற்பகல் நேரம் அவர்கள் வீட்டுவேலையில் சிக்கும் நேரமாதலால் வருவோர் குறைவு. பெரியவரே அதை ஒப்புக்கொண்டு, நேரத்தை மாற்ற முயல்வதாகச் சொன்னார்.

இந்நகரில் கல்விக்கு வழி செய்தவர்களுக்குக் குறைவில்லை. முஸ்லிம் பெருமக்கள் 1874இல் அஞ்சுமனே இஸ்லாத்தை நிறுவினர். நம்மவர் 1932இல் மாட்டுங்காவில் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தை நிறுவினர். பள்ளிக்குள் இருப்பவனுக்குப் பள்ளி உண்டு; வேலையில் இருப்பவனுக்கு வேலை உண்டு. இரண்டுக்கும் இடையில் நிற்பவனுக்கு ரயில் நிலையத்து இருக்கைதானா?

நம் சங்கத்துக்கும் ஒரு கூடம் இருக்கிறது. பொங்கலுக்கும் ஆண்டு விழாவுக்கும் திறக்கிறோம். மற்ற நாட்களில் பூட்டுத் தொங்குகிறது. அடுத்த நிர்வாகக் குழுவில் அச்சாவியை நாம் கேட்கப் போகிறோம். செவ்வாய், வியாழன் மாலை ஆறு முதல் ஒன்பது வரை நாம் அங்கே இருப்போம். எவர் வீட்டுப் பிள்ளையும் வரலாம். பெயர் மட்டும் சொன்னால் போதும். மற்ற நாட்களுக்குப் பொறுப்பேற்க நால்வர் வேண்டும். விருப்பமுள்ளோர் செயலாளரிடம் தெரிவிக்கலாம். 17ஆம் எண் படிவத்தை எப்படி நிரப்புவது என்பதை, வருகிற ஞாயிறன்று நம் மருமகனிடம் கற்றுக்கொள்ள இருக்கிறோம்.