துவாதசி இலையில் அகத்தி

ஏகாதசியன்று பொழுது சாயும் வேளையில் கொல்லைப்புறத்து அகத்தி மரத்தடியில் யாரேனும் துறட்டியோடு நின்றால், மறுநாள் காலை அந்த வீட்டில் பாரணை என்பது அக்கம்பக்கத்தாருக்குத் தெரிந்துவிடும். விளக்கேற்றிய பிறகு செடிகொடிகளைத் தொடலாகாது என்னும் வழக்கம் உள்ள இல்லங்களில், அதற்கு முன்னரே கீரையைப் பறித்தாக வேண்டும். காலையில் பறித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டால் நேரம் போதாது. அகத்தியை ஆய்வது அத்தனை விரைவில் முடியும் வேலை அன்று.

நேரத்தைப் பற்றி இத்தனை கவலை எதற்கு என்று கேட்கலாம். துவாதசி திதியின் முதல் கால் பகுதிக்கு ஹரிவாசரம் என்று பெயர். அது கழிந்த பின்னரே விரதத்தை முடிக்க வேண்டும். திதி விலகுவதற்கு முன்னும் முடித்துவிட வேண்டும். சில துவாதசிகளில் சூரியோதயத்துக்குப் பிறகு திதி சிறிது நேரமே எஞ்சியிருக்கும். பாகவதத்தின் ஒன்பதாம் ஸ்கந்தத்தில் அம்பரீஷ மன்னனுக்கு நேர்ந்த தர்மசங்கடம் இதுவே. நீராடச் சென்ற துர்வாசர் திரும்பவில்லை, துவாதசியோ முடியப்போகிறது. அதிதிக்கு முன் உண்ணவும் இயலாமல், பாரணையைத் தவறவிடவும் இயலாமல், மன்னன் தண்ணீரை மட்டும் பருகி விரதத்தை நிறைவு செய்தான். ஆகவே கீரை வேகவில்லை என்பதற்காகத் திதியைத் தவறவிட வேண்டியதில்லை. துளசி தீர்த்தம் பருகிப் பாரணையை முடித்துக்கொண்டு, உணவைச் சற்றுப் பொறுத்து உண்ணலாம். அந்தத் துளசியையும் முன்னரே பறித்து வைத்திருக்க வேண்டும். துவாதசியன்று துளசி பறிப்பதில்லை.

அகத்தி வேலியோரத்து மரம். வெற்றிலைக் கொடிக்காலில் கொடி படர்வதற்காக வரிசை வரிசையாக நடப்படுவதும் இதுவே. விதைத்த ஓராண்டுக்குள் வீட்டுக் கூரையைத் தாண்டிவிடும்; ஆனால் தண்டில் வலுவில்லை. பெருங்காற்றில் முறியும். ஆயுளும் குறைவு. பறிப்பவர் அறிய வேண்டிய முதல் செய்தி இதுதான். முருங்கையைப் போல அடியோடு வெட்டிவிட்டால் மறுபடி தழைக்கும் என்று எண்ணி அகத்தியின் தலையை முழுவதுமாகக் கழித்துவிடுகிறார்கள். மரம் பட்டுப்போகிறது. பக்கக் கிளைகளில் முற்றாத இலைக்காம்புகளை மட்டும் ஒடித்து எடுத்து, உச்சியில் போதிய இலையை விட்டுவைத்தால், அடுத்த ஏகாதசிக்குள் மீண்டும் துளிர்த்திருக்கும். ஆள் உயரம் வந்ததும் நுனியை ஒருமுறை கிள்ளிவிடுவது நல்லது. பக்கக் கிளைகள் பரவும். துறட்டிக்கும் வேலை குறையும்.

பறித்த கீரையை ஈரத்துணியில் சுற்றி வைத்தால் விடியும்வரை வாடாது. ஒவ்வொரு காம்பிலும் சிற்றிலைகள் இணை இணையாக அடுக்கியிருக்கும். நுனியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையின் இரு விரல்களால் நுனியிலிருந்து அடிநோக்கி உருவினால் இலைகள் உதிர்ந்துவிடும். நடுக்காம்பு சமையலில் சேரக்கூடாது. நார் நாராக வாயில் நிற்கும். பழுத்த இலையையும் பூச்சி அரித்ததையும் இந்த நேரத்திலேயே ஒதுக்கிவிட வேண்டும். பூக்கும் காலமாயின் வெண்ணிறப் பூக்களையும் சேர்க்கலாம். பூவின் உள்ளிருக்கும் நரம்பைக் கிள்ளி எறியாவிட்டால் கசப்பு மிகும்.

துவாதசிச் சமையலில் புளி இல்லை. வெங்காயமும் பூண்டும் இல்லை. ஆய்ந்த கீரையை இரண்டு மூன்று முறை அலசி, எவ்வளவு பொடியாக நறுக்க முடியுமோ அவ்வளவு பொடியாக நறுக்க வேண்டும். நறுக்கிய பிறகு அலசினால் சத்து நீரோடு போய்விடும். பாசிப்பருப்பை மலர வேகவைத்து எடுத்து வைத்துக்கொண்டு, கீரையை அரிசி களைந்த இரண்டாம் நீரில் திறந்த பாத்திரத்தில் வேகவைப்பது பழைய முறை. கசப்பு மட்டுப்படும் என்பர். மற்றக் கீரைகளைவிட இது சற்றுத் தாமதமாகவே வேகும். அவசரப்பட்டு இறக்கினால் இலை மெல்ல வராது. வெந்தபின் உப்பும் பருப்பும் சேர்த்து, மிளகும் சீரகமும் பொடித்துப் போட்டு, கடுகு, உளுத்தம்பருப்பு, பெருங்காயம் தாளித்து, கை நிறையத் தேங்காய்த் துருவல் தூவிக் கிளறி இறக்க வேண்டும். கசப்பு பிடிக்காத பிள்ளைகளுக்காகச் சிறு துண்டு வெல்லம் சேர்ப்பவரும் உண்டு, அதில் குற்றமில்லை. நெல்லிக்காய்ப் பச்சடியும் சுண்டைக்காய் வற்றலும் அருகில் அமைந்தால் இலை நிறைந்துவிடும்.

ஒருநாள் முழுதும் வெறுமையாயிருந்த வயிற்றின் சூட்டை அகத்தி தணிக்கும் என்பது பெரியோர் கூற்று. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணைப்படி, 100 கிராம் அகத்திக்கீரையில் 1,130 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்தும் 8.4 கிராம் புரதமும் உள்ளன. இதைப் படித்துவிட்டு நாள்தோறும் உண்ணத் தலைப்படுவது தவறு. மிகுந்தால் வயிற்றைக் கெடுக்கும். மாதத்துக்கு இரண்டு ஏகாதசி, ஆகவே இரண்டு முறை அகத்தி என்பது முன்னோர் வகுத்த அளவாகவே தோன்றுகிறது. அகத்தி மருந்தை முறிக்கும் என்று சித்த மருத்துவர்கள் சொல்வதால், அம்மருந்து உண்போர் இதைத் தவிர்ப்பது வழக்கம். நாள்தோறும் வேறு மருந்துகள் உண்ணும் முதியோர், விரதத்துக்கு முன்பே தம் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இலையில் பரிமாறிய பிறகு தயங்குவதைவிட, ஒரு துளி கீரையைத் தொட்டுக்கொண்டு நெல்லிக்காயோடு பாரணையை முடிப்பது மேல். மாமியாருக்குப் பரிமாறும் மருமகள் இதை நினைவில் வைத்துக்கொண்டால் அந்த அம்மையாருக்கு மறுக்கவேண்டிய சங்கடம் நேராது.

பறித்த கீரையில் ஒரு கட்டைப் பசுவுக்கு என்று தனியே வைப்பார்கள். கோயில் வாசலில் விற்கும் கட்டை வாங்கிக் கொடுப்பவர்கள், அதைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தையும் பிளாஸ்டிக் கயிற்றையும் தம் கையாலேயே அவிழ்த்து அப்புறப்படுத்திய பிறகே நீட்ட வேண்டும். பசுவுக்கு அதைப் பிரித்துத் துப்பத் தெரியாது. வயிற்றில் தங்கி உயிருக்கே ஆபத்தாகும்.

கொல்லை இல்லாத வீடுகளில் மாடியில் பெரிய தொட்டி போதும். தண்ணீர் தேங்காத மண்ணில் ஆடி மாதம் விதையை நேரே ஊன்றி, நுனியைக் கிள்ளி உயரத்தைக் கட்டுப்படுத்தி வந்தால், மார்கழியில் வைகுண்ட ஏகாதசி வருவதற்குள் ஒரு வீட்டுப் பாரணைக்கு வேண்டிய கீரை தொட்டியிலேயே தழைத்திருக்கும்.