ஸ்பீக்கரை மறந்த ஒலி

வால்வு ஆம்ப்ளிஃபயர்கள் சிலவற்றின் பின்புறத்தில் 'டைரக்ட் அவுட்' என்றொரு துளை உண்டு. அதிலிருந்து கம்பியை எடுத்து ஒலிப்பதிவுக் கருவியில் நேரே செருகிவிட்டால் மைக்கும் வேண்டாம், அறையின் எதிரொலியும் குறுக்கிடாது. கிடாரின் கலப்படமற்ற குரல் கிடைத்துவிடும் என நம்புவோர் பலர். செருகிக் கேட்ட மறுகணம் அந்நம்பிக்கை தகர்கிறது. தகர டப்பாவில் அடைபட்ட தேனீக் கூட்டத்தின் இரைச்சலே காதில் விழுகிறது. உடனே நேரடிப் பதிவே போலி என்று தீர்ப்பும் எழுதப்பட்டுவிடுகிறது. நம்பிக்கை, தீர்ப்பு இரண்டுமே பிழை என்பது நம் கருத்து.

கிடாருக்கான ஸ்பீக்கர், பாட்டுக் கேட்கும் ஸ்பீக்கரைப் போல அனைத்தையும் உள்ளவாறு ஒலிப்பதன்று. அந்த 12 அங்குலக் காகிதக் கூம்பின் குரல் ஏறத்தாழ 5000 ஹெர்ட்ஸுக்கு மேல் சரிந்து இறங்கிவிடும். எல்லை மீறி முடுக்கப்பட்ட வால்வில் பிறக்கும் கூரிய மேல்சுரங்களை அது விழுங்கிவிடுகிறது. நாம் 'இதம்' என்று போற்றுவதில் பெரும்பங்கு இந்தக் குறையின் கொடை. குற்றியலுகரத்தை முழு மாத்திரையில் ஒலித்துப் பாருங்கள்; எழுத்து பிழைபடாது, தமிழ்தான் அந்நியமாகிவிடும். ஸ்பீக்கரற்ற கிடாரொலியும் அத்தகையதே.

வரலாறும் இதற்குச் சான்று. 1964இல் 'யூ ரியலி காட் மீ' பாடலின் உறுமலுக்காக, கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் ஸ்பீக்கரின் கூம்பையே பிளேடால் கீறினார். 1968இல் பீட்டில்ஸ் குழுவினர் 'ரெவல்யூஷன்' பாடலுக்கு ஆம்ப்ளிஃபயரே இன்றிக் கிடாரை ஒலிப்பதிவு மேசையில் செருகி, அதைத் திணறடித்து ஒலியெழுப்பினர். முன்னது ஸ்பீக்கரும் வாத்தியத்தின் ஓர் உறுப்பே என்கிறது. பின்னது நேரடிப் பதிவு போலியன்று, அதுவும் ஒரு தேர்வு என்கிறது. அவர்கள் அந்தக் கரகரப்பை வேண்டியே பெற்றனர். நமக்கு அது வேண்டாமெனில், நீக்கிய உறுப்பைத் திருப்பித் தந்தாக வேண்டும்.

எங்ஙனம் தருவது? முதலில், ஒலியை எங்கிருந்து எடுக்கிறோம் என்று அறிய வேண்டும். முன்பெருக்கியை அடுத்தே எடுத்தால், பவர் வால்வுகளும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் சேர்க்கும் குணம் கிட்டாது. ஸ்பீக்கர் முனையிலிருந்து எடுப்பதானால் உரிய ஓம் அளவும் வாட் தாங்குதிறனும் கொண்ட 'லோடு பாக்ஸ்' கட்டாயம். சுமையின்றி முடுக்கினால் அந்த டிரான்ஸ்ஃபார்மர் பழுதாகக்கூடும். 8 ஓம் என்று குறித்த ஸ்பீக்கரும் எல்லாச் சுருதியிலும் 8 ஓமாக நிற்பதில்லை. 100 ஹெர்ட்ஸை ஒட்டியும் உச்சத்திலும் அதன் தடை வெகுவாக ஏறும். அந்த ஏற்ற இறக்கத்தைப் போலச் செய்யும் 'ரியாக்டிவ்' சுமையில்தான் வால்வு தன் இயல்போடு பாடும். அதன்பின், ஸ்பீக்கர் பெட்டியும் மைக்கும் இணைந்த குணத்தைப் பதிந்துவைத்த 'இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ்' வழியே ஒலியைச் செலுத்த வேண்டும். அது இல்லாதோர் ஈக்வலைசரில் 5000 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ளதையாவது வெட்டலாம். முழு ஈடாகாது எனினும் தேனீக்கள் அடங்கும். இவற்றையெல்லாம் அமைத்த பிறகே ஆம்ப்ளிஃபயரின் குமிழ்களைத் திருகுவது முறை.

இதையெல்லாம் குறுக்குவழி என்று இகழ்வோர் ஒன்றை எண்ணிப் பார்க்கட்டும். 50 வாட் வால்வு ஆம்ப்ளிஃபயரின் பவர் வால்வுகள் முழுக்குரலில் பாடுமாறு முடுக்கினால் அண்டை வீடுகள் உறங்க முடியாது. ஒலிபுகா அறை வைத்திருப்போருக்கே நல்ல நாதம் உரியது என்பது கலைவாதமன்று, உடைமைவாதம். அடுக்ககத்தின் ஓர் அறையில், நள்ளிரவில், ஹெட்ஃபோனோடு அமர்ந்திருக்கும் கலைஞனுக்கும் அந்த நாதத்தில் பங்குண்டு. அவன் மறவாதிருக்க வேண்டியது ஒன்றே: நேரடி என்பதனால் ஒலி தூய்மையாகிவிடுவதில்லை.