இரண்டரை அங்குலப் பனி

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் பனி பெய்யக்கூடும் என்று வானிலை அறிவிப்பு வந்த மறுகணமே வடக்கிலிருந்து ஒரு சிரிப்பொலி கிளம்பிவிடும். ரொட்டியும் பாலும் தீர்ந்துபோன கடை அலமாரிகளின் படங்கள் சுற்றுக்கு வரும். இந்தத் தூறலுக்கா பள்ளிக்கூடத்தை மூடுகிறார்கள் என்ற கேள்வியும் கூடவே வரும். மினசோட்டாவிலும் மிச்சிகனிலும் நான்கைந்து குளிர்காலங்களைக் கழித்துவிட்டு அட்லாண்டாவுக்கோ டாலஸுக்கோ வேலை மாறி வந்த நம்மவர்களும் இந்தச் சிரிப்பில் கலந்துகொள்ளத் தவறுவதில்லை. பனியில் கார் ஓட்டத் தெரிந்தவர் என்பது புலம்பெயர்ந்த வாழ்வில் ஈட்டிய ஒரு பட்டம் போலாகிவிட்டது.

என் கட்சி இதற்கு நேரெதிரானது. தெற்கத்தியரின் பயம் நியாயமானது, வடக்கத்தியரின் தன்னம்பிக்கைதான் இங்கே ஆபத்தானது என்பேன். இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் ஒரு சொல்லைப் பற்றி. பனி என்ற ஒற்றைச் சொல்லைக் கொண்டு நாம் புல்நுனித் துளியையும் மார்கழி மூட்டத்தையும் வானிலிருந்து விழும் வெண்பஞ்சையும் குறித்துவிடுகிறோம். முன்பனியும் பின்பனியும் நம் ஆறு பருவங்களில் இரண்டு. ஆனால் அந்தப் பனியில் எவரும் வழுக்கி விழுந்ததில்லை. சாலையைப் பொறுத்தவரை வெண்பனி வேறு, ஐஸ் வேறு. வெண்பனி கண்ணுக்குத் தெரியும், மிதித்தால் நொறுங்கும், டயருக்குக் கொஞ்சமேனும் பிடி கொடுக்கும். ஐஸ் அப்படியன்று. தார்ச்சாலையின் கருமையைத் தன்னூடாகக் காட்டியபடி, ஈரம் போலவே பாவனை செய்துகொண்டு கிடக்கும் மெல்லிய ஐஸ் படலத்தைத்தான் கரும்பனி என்கிறோம். வடக்கில் பெரும்பாலும் பெய்வது முதலாவது. தெற்கில் பெரும்பாலும் ஓட்டுநர் எதிர்கொள்வது இரண்டாவது.

காரணம் எளியது. தெற்கில் வெப்பநிலை உறைநிலையை ஒட்டியே மேலும் கீழுமாக ஊசலாடுகிறது. விழும் பனி இன்னும் சூடாறாத சாலையில் உருகுகிறது. சக்கரங்கள் அதை அழுத்திக் குழைக்கின்றன. பிறகு வெப்பநிலை ஓரிரு பாகை இறங்கியதும் அத்தனையும் கண்ணாடியாகிவிடுகிறது. மைனஸ் 20 பாகையில் இறுகிக் கிடக்கும் ஐஸைவிடப் பூஜ்யத்தை ஒட்டி நிற்கும் ஐஸ்தான் அதிகம் வழுக்கும். அதன் மேல் எப்போதும் ஒரு நீர்ப்படலம் இருக்கும். உலர்ந்த தார்ச்சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார், பிரேக்கை அழுத்தியதும் ஏறக்குறைய 20 மீட்டரில் நின்றுவிடும். ஈர ஐஸில் அதே காருக்கு 140 மீட்டர் வேண்டும். இந்தக் கணக்கில் ஓட்டுநரின் பூர்வீகம் எங்கும் இடம்பெறவில்லை. நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் பெரிய வண்டி வைத்திருப்பவருக்கும் இதே கணக்குதான். அவ்வண்டி கிளம்புவதற்கு உதவும், நிற்பதற்கு உதவாது.

அப்படியானால் வடக்கில் மட்டும் எப்படி ஓட்டுகிறார்கள்? பஃபலோ நகரில் ஆண்டுக்குச் சராசரியாக 95 அங்குலம் பனி பெய்கிறது. அட்லாண்டாவில் இரண்டு அங்குலத்தைச் சற்றே தாண்டும். 95 அங்குலம் பெய்யும் ஊரில் பனி வழிக்கும் லாரிகள் அணிவகுத்து நிற்கின்றன. மலைபோல் உப்புக் கிடங்குகள் இருக்கின்றன. விடிவதற்குள் எந்தச் சாலையை முதலில் வழிப்பது என்ற வரிசைப் பட்டியல் இருக்கிறது. மக்கள் குளிர்கால டயர் மாட்டியிருக்கிறார்கள். சாதாரண டயரின் ரப்பர் 7 பாகைக்குக் கீழே விறைக்கத் தொடங்கும், இது விறைக்காது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை இந்த டயர் சட்டப்படி கட்டாயம். வடக்கத்தியர் தம் திறமை என்று நம்பிக்கொண்டிருப்பதில் பெரும்பங்கு, அவருக்கு முன் விழித்தெழுந்து உப்புத் தூவிச் சென்ற ஒரு நகராட்சி ஊழியரின் உழைப்பு. தெற்கே குடிபெயர்கையில் அவர் ஓட்டுநர் உரிமத்தை எடுத்துவர முடிகிறது. உப்புக் கிடங்கை எடுத்துவர முடிவதில்லை.

2014-ஆம் ஆண்டு ஜனவரி 28, செவ்வாய்க்கிழமை அட்லாண்டாவில் நடந்ததை இங்கே நினைவுகூர வேண்டும். அன்று விமான நிலையத்தில் அளக்கப்பட்ட பனி 2.6 அங்குலம். எச்சரிக்கை இல்லாமல் வந்த பனி அல்ல அது. விடிவதற்கு முன்பே தேசிய வானிலைச் சேவை பனிப்புயல் எச்சரிக்கை விடுத்திருந்தது. இருந்தும் பள்ளிகள் திறந்தன, அலுவலகங்கள் இயங்கின. நண்பகலை ஒட்டிப் பனி வலுக்கத் தொடங்கியதும் பள்ளி, தனியார் நிறுவனம், அரசு அலுவலகம் எல்லாம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கலைந்தன. வழக்கமான நாளில் மாலை முழுவதும் பரவி வெளியேறும் கூட்டம் ஓரிரு மணி நேரத்துக்குள் சாலைக்கு வந்து சேர்ந்தது. மேடும் சரிவுமான அந்த நகரத்தில் கனரக லாரிகள் முதலில் வழுக்கிக் குறுக்கே நின்றன. அவற்றுக்குப் பின்னால் எல்லாம் நின்றன. உப்பும் சரளையும் ஏற்றிவந்த வண்டிகளும் அதே நெரிசலில் சிக்கின. எந்தச் சாலையைச் சீராக்க வேண்டுமோ அந்தச் சாலைக்குள்ளேயே அவற்றால் நுழைய முடியவில்லை.

ஆயிரத்துக்கும் மேற்பட்ட விபத்துகள் பதிவாயின. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் இரவைப் பள்ளிக்கூடங்களில் ஆசிரியர்களோடு கழித்தார்கள். சில பிள்ளைகள் பள்ளிப் பேருந்துகளிலேயே நெடுநேரம் சிக்கிக் கிடந்தார்கள். நகரைச் சுற்றும் 285 நெடுஞ்சாலையில் நின்ற காருக்குள் ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஹோம் டிப்போ போன்ற கடைகள் நடந்து வந்தவர்களுக்கு இரவு முழுதும் கதவைத் திறந்து வைத்தன. மறுநாள் கைவிடப்பட்ட கார்களின் படத்தைப் பார்த்தவர்கள், ஜார்ஜியாவிலேயே படமாக்கப்பட்ட 'தி வாக்கிங் டெட்' தொடரின் காட்சியோடு அதை ஒப்பிட்டுச் சிரித்தார்கள். எதிர்பாராத பனி என்று முதலில் சொன்ன ஆளுநர் நேதன் டீல் இரண்டு நாள் கழித்து மன்னிப்புக் கேட்டார்.

அன்றைய அவலத்துக்கு அட்லாண்டா மக்களின் ஓட்டும் திறன் காரணமல்ல என்பது என் துணிபு. மினியாபொலிஸ் மக்கள் அத்தனை பேரையும் அன்று அதே சாலையில், அதே டயர்களோடு, அதே ஒரு மணிக்கு இறக்கியிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். ரயில் இருந்தால் சிலராவது வீடு சேர்ந்திருப்பார்கள். ஆனால் மார்ட்டா ரயில் திட்டத்தில் சேர மாட்டோம் என்று காப் கவுண்டி 1965-இலும் க்வின்னெட் கவுண்டி 1971-இலும் வாக்களித்து ஒதுங்கியவை. காரைத் தவிர வேறு வழியில்லாத புறநகரை எழுப்பிய பின், கார் ஓடாத ஒரு நாள் வந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு அந்நகரத்திடம் பதில் இருக்கவில்லை.

இதில் வேதனை என்னவென்றால், இதே நகரத்தில் இதே காட்சி 1982 ஜனவரி 12 அன்று ஏற்கெனவே அரங்கேறியிருந்தது. அன்றும் பிற்பகல் பனி, அன்றும் எல்லோரும் ஒன்றாகக் கிளம்பினார்கள், அன்றும் கார்கள் சாலையிலேயே விடப்பட்டன. இடையில் 32 ஆண்டுகள். ஒரு நகரம் மறந்துபோக அது தாராளமாகப் போதும். அரிதாக வரும் ஆபத்தின் இயல்பே இதுதான். ஒவ்வொரு முறையும் அது முதல் முறையாகவே வருகிறது. அதைச் சந்தித்தவர்கள் ஓய்வு பெற்றிருப்பார்கள், அதிகாரத்தில் இருப்பவர்கள் கேள்விப்பட்டு மட்டுமே இருப்பார்கள்.

ஆனால் நினைவு பசுமையாக இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் அட்லாண்டாவே சாட்சி. அதே 2014-இல், இரண்டே வாரங்கள் கழித்து, பிப்ரவரி நடுவில் இன்னொரு பனிப்புயல் வந்தது. இம்முறை பள்ளிகளும் அலுவலகங்களும் முன்கூட்டியே மூடப்பட்டன. நெடுஞ்சாலைகள் வெறிச்சோடிக் கிடந்தன, சாலையில் எவரும் சிறைப்படவில்லை. அந்தப் பதினான்கு நாட்களில் அட்லாண்டாவில் எவரும் பனியில் ஓட்டப் பழகிவிடவில்லை. ஓட்டாமல் இருக்கப் பழகினார்கள். 2025 ஜனவரி 21 அன்று ந்யூ ஆர்லியன்ஸில் 8 அங்குலம் பெய்தபோதும் இப்படித்தான். ஃப்ளோரிடாவின் மில்டனில் 9.8 அங்குலம், அம்மாநிலம் கண்டிராத அளவு. லூசியானாவில் இன்டர்ஸ்டேட் 10-இன் நெடும்பகுதியை மூடிவிட்டார்கள். மக்கள் தெருவில் இறங்கிப் பனிப்பந்து எறிந்து விளையாடினார்கள். அட்லாண்டாவை முடக்கியதைப் போல் மூன்று மடங்குப் பனி அது.

பழகிய ஊர்களுக்கும் இந்தப் பாடம் பொருந்தும் என்பதை 2022 டிசம்பரில் பஃபலோவே காட்டியது. கிறிஸ்துமஸையொட்டி வீசிய புயலில் அவ்வட்டாரத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் சிலர் காருக்குள்ளேயே. வாகனம் ஓட்டத் தடை விதித்த ஆணை அன்று காலை, பலரும் வேலைக்குக் கிளம்பிய பிறகே வந்தது என்ற குற்றச்சாட்டு எழுந்தது. 95 அங்குலப் பழக்கத்தாலும் ஒரு தாமதமான முடிவை ஈடுகட்ட முடியவில்லை.

இங்குதான் அந்தச் சிரிப்பு எனக்கு உறுத்துகிறது. பள்ளியை மூடலாமா என்று அதிகாலை நான்கு மணிக்கு யோசிக்கும் ஓர் அதிகாரியை எண்ணிப் பாருங்கள். மூடிவிட்டுப் பனி பெய்யாவிட்டால் மறுநாள் ஊர் சிரிக்கும். மூடாமல் பனி பெய்தாலோ பிள்ளைகள் சாலையில் கிடப்பார்கள். இரண்டாவதன் நிகழ்தகவு குறைவு, முதலாவதன் அவமானம் நிச்சயம். அவர் காத்திருந்து பார்ப்போம் என்று முடிவெடுத்தால் அதில் நம் கேலிக்கும் பங்குண்டு. வீண்போன முன்னெச்சரிக்கையைப் பொறுத்துக்கொள்ளும் சமூகத்தில்தான் முன்னெச்சரிக்கை சாத்தியம்.

பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் பனிக்காகத் தெற்கு நகரங்கள் ஆயிரக்கணக்கில் லாரிகளை வாங்கி நிறுத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது பொதுப்பணத்தை வீணாக்குவது. அரிதாக வரும் பனிக்கு மலிவான, உறுதியான மருந்து வீட்டிலிருப்பதுதான். தவிர்க்க முடியாமல் போக நேர்ந்தால் சில எளிய காரியங்கள் இருக்கின்றன. பெட்ரோல் தொட்டியை நிரப்பி, ஒரு போர்வையும் தண்ணீரும் வண்டியில் வைத்துக்கொள்வது. முன்வண்டியிலிருந்து வழக்கத்தைவிடப் பல மடங்கு தள்ளிச் செல்வது. பாலத்துக்கு முன்பே வேகத்தைக் குறைப்பது, பாலத்தின் மேல் பிரேக்கைத் தொடாமலிருப்பது. மேலும் கீழும் குளிர்காற்று படுவதால் சாலையில் முதலில் உறைவது பாலம்தான்.

ஆனால் வீட்டிலிருங்கள் என்று சொல்வது எளிது. மடிக்கணினியைத் திறந்தால் அலுவலகம் வந்துவிடுகிறவர்களுக்கு அது விடுமுறையின் இன்னொரு பெயர். மணிக்கணக்கில் கூலி பெறுகிறவருக்கு ஒருநாள் சம்பளம். செவிலியருக்கு அந்தத் தேர்வே இல்லை. 2021 பிப்ரவரி 11 அதிகாலை ஆறு மணியளவில், டெக்சஸின் ஃபோர்ட் வொர்த் நகரில், 35-மேற்கு நெடுஞ்சாலையின் சுங்கத்தடத்தில் ஏறக்குறைய 130 வாகனங்கள் ஒன்றன்மேல் ஒன்று மோதிக் குவிந்தன. ஆறு பேர் இறந்தார்கள். இருபுறமும் கான்கிரீட் தடுப்பு. விலகிச் செல்ல இடமில்லை. அச்சாலையில் உப்புக் கரைசல் தெளிக்கப்பட்டது ஏறக்குறைய இரண்டு நாட்களுக்கு முன்பு என்பதும், அதன்பின் சாலையின் நிலையைச் சரிவரக் கவனித்துச் செயல்படவில்லை என்பதும் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணையில் தெரியவந்தன. சிக்கியவர்களில் பலர் மருத்துவமனைகளில் பணிபுரிபவர்கள். வேலைக்குப் போய்க்கொண்டோ இரவுப்பணி முடித்துத் திரும்பிக்கொண்டோ இருந்தவர்கள்.

ஆகவே வீட்டிலிருத்தலைத் தனிப்பட்ட எச்சரிக்கை என்று மட்டும் நான் கருதவில்லை. போயே ஆகவேண்டியவர்களுக்கு நாம் விட்டுக்கொடுக்கும் சாலை அது. பின்னால் வந்து மோத ஒரு வண்டி குறையும். உப்பு லாரி செல்ல ஓர் இடைவெளி கிடைக்கும். பனியில் ஓட்டத் தெரிந்தவர் என்று தம்மை நம்புகிறவர் அந்தத் திறமையைக் காட்ட அன்றைய தினத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, சன்னல் வழியே பனியைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். அந்த நேரத்தில் எங்கோ ஒரு செவிலி தன் இரவுப்பணி முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருப்பார்.