பாட்டியின் கால்களை விட்டு எழுந்திருங்கள்

நம் ஆட்கள் எழுதும் கவிதைகளிலும் அனுபவக் கட்டுரைகளிலும் ஒரு பாட்டி திரும்பத் திரும்ப வருகிறார். கால்களை நீட்டி உட்கார்ந்திருப்பார். கால்கள் மேல் பச்சைப்பிள்ளை. பக்கத்தில் ஆவி பறக்கும் வெந்நீர். ஒரு கையில் சொம்பு, இன்னொரு கை பிள்ளையின் நெற்றியில். ஒரு சொட்டுகூடக் கண்ணில் படாது. பிறகு சாம்பிராணி, தூளி, கடைசியில் ஒரு பெருமூச்சு: அந்தக் கைப்பக்குவம் இனி வருமா? எழுதியவர் பெரும்பாலும் ஆணாக இருப்பார்.

வரும். நீங்கள் உட்கார்ந்தால் வரும். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது அவ்வளவுதான். ஆனால் இதைச் சுருக்கமாகச் சொன்னால் யாருக்கும் உறைக்காது என்பதால் விரித்துச் சொல்கிறேன்.

என் மனைவிக்குச் சொந்த ஊர் லெம்பா பெர்த்தாம். முதல் பிரசவம், அதனால் தாய்வீடு. அத்தை முப்பது வருஷம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். சரிவில் ஏறி இறங்கியே இரண்டு முட்டியும் போய்விட்டது. ஆனாலும் தினம் காலையில் குளியலறைச் சிமெண்டுத் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து பேரப்பிள்ளைக்கு ஊற்றுவார். உட்காரும்போது ஒரு முனகல், எழுந்திருக்கும்போது இரண்டு. “நான் ஊத்தவா அத்தை?” என்று கேட்டால், “ஆம்பளைக்கு எதுக்கு மாப்ள இதெல்லாம்? நீங்க போய் தேத்தண்ணி குடிங்க” என்பார். நானும் போய்க் குடித்தேன்.

பிள்ளைக்கு ஐந்து வாரம். வார விடுமுறைக்குப் போயிருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தையால் படுக்கையை விட்டே எழ முடியவில்லை. மனைவிக்குத் தையல் வலி இன்னும் தீரவில்லை. சரி, நான்தானே என்று இறங்கினேன். ஷாம்பு புட்டியில் ‘கண்ணீர் வராது’ என்று போட்டிருந்தது. நான்கு வருஷம் பொறியியல் படித்தவன் லேபிளை நம்பி உச்சந்தலையில் தாராளமாக ஊற்றினேன். தண்ணீரையும் முன்பக்கமிருந்தே ஊற்றினேன். நுரை புருவத்தைத் தாண்டி நேராகக் கண்ணுக்குள் போனது. பிள்ளை வீறிட்ட சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டது. ஒரு மணி நேரம் கண் சிவந்தே கிடந்தது. கண்ணீர் மட்டும் வரவில்லை. லேபிள் பொய் சொல்லவில்லை பாருங்கள்!

ஏன் வரவில்லை என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். பிறந்த குழந்தை அழும்போது முதல் சில வாரங்களுக்குக் கண்ணீர் வெளியே வழிவதில்லை. கண்ணை நனைத்து வைக்கும் ஈரம் இருக்கும், அவ்வளவுதான். கண்ணீர்ச் சுரப்பி முழுசாக வேலை செய்யப் பலருக்கு இரண்டு மூன்று மாதம்கூட ஆகும். கண் சிமிட்டுவதும் குறைவு. நாம் நிமிடத்துக்குப் பதினைந்து தடவை சிமிட்டினால் பச்சைப்பிள்ளை இரண்டு மூன்று தடவைதான். உள்ளே போனதை வெளியே தள்ளும் வசதி அதற்கு இன்னும் வரவில்லை. அப்படிப்பட்ட கண்ணுக்கு முன்னால் ‘கண்ணீர் வராது’ என்ற வாக்குறுதிக்கு என்ன அர்த்தம்?

அந்த வாக்குறுதியின் கதையையும் கொஞ்சம் பார்ப்போம். சோப்பு காரத்தன்மை கொண்டது, அதன் பிஎச் 9, 10 என்று போகும். கண்ணீரின் பிஎச் 7.4 அளவில் இருக்கும். அதனால்தான் சோப்பு பட்டால் கண் எரிகிறது. 1950-களில் ஜான்சன் அண்ட் ஜான்சன் சோப்பில்லாத குழந்தை ஷாம்புவைக் கொண்டுவந்தது. இந்த வகை ஷாம்புகளில் மென்மையான, பெரிய மூலக்கூறுகள் கொண்ட அழுக்கு நீக்கிகளைச் சேர்க்கிறார்கள். அவை கண்ணுக்குள் எளிதில் ஊடுருவாது. பிஎச் அளவையும் கண்ணீரை ஒட்டி வைத்துக்கொள்கிறார்கள். கண்ணை மரத்துப்போக வைக்கும் மருந்து கலக்கிறார்கள் என்று வாட்ஸாப்பில் சுற்றுவது வெறும் வதந்தி. ஆனால் ‘எரிச்சல் குறைவு’ என்பது வேறு, ‘எரிச்சலே இல்லை’ என்பது வேறு. அந்தக் ‘குறைவு’ எப்படி அளக்கப்பட்டது தெரியுமா? 1944-இல் ஜான் டிரெய்ஸ் வகுத்த சோதனையில் முயலின் கண்ணில் பொருளை விட்டு, எவ்வளவு சிவக்கிறது, எவ்வளவு வீங்குகிறது என்று மதிப்பெண் போடுவார்கள். ஐரோப்பிய ஒன்றியம் விலங்குகளிடம் சோதித்த அழகுசாதனப் பொருட்களின் விற்பனையை முழுமையாகத் தடை செய்தது 2013-இல்தான். முயலின் கண்ணில் வாங்கிய மதிப்பெண்ணைத்தான் நான் என் பிள்ளைக்கான உத்தரவாதமாக எடுத்துக்கொண்டேன்.

இதைப் படித்ததும் இயற்கை அன்பர்கள் சந்தோஷப்பட வேண்டாம். சீயக்காய் கண்ணில் பட்டவர்களுக்குத் தெரியும், குழந்தை ஷாம்பு அதற்கு முன்னால் பன்னீர். செடியில் காய்த்தது என்பதற்காகக் கண் எரியாமல் இருக்காது. மூக்கில் எண்ணெய் விடுவது, காதில் ஊதுவது, இன்னும் வளராத நுரையீரல் மேல் சாம்பிராணிப் புகை பிடிப்பது இதெல்லாம் பாட்டி செய்தார் என்பதற்காக நல்லதாகிவிடாது. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் போய் நிமோனியாவில் கொண்டுபோய் விடலாம். பாட்டிக்கு எல்லாம் தெரியும் என்பதும் ஒரு லேபிள்தான்.

பாட்டியிடம் கற்க வேண்டியது ஒன்று உண்டு. அது நெற்றியில் வைத்த அந்தக் கை. அதில் மந்திரம் ஒன்றும் இல்லை. தண்ணீர் சரிவைத் தேடி ஓடும், அவ்வளவுதான் கணக்கு. அத்தை கட்டிலில் படுத்தபடியே சொல்ல, நான் கற்றுக்கொண்டது இது:

முதலில் வாளியில் பச்சைத்தண்ணீர், பிறகு வெந்நீர். 37, 38 டிகிரி போதும். விரலை நம்பாதீர்கள், முழங்கையை விட்டுப் பாருங்கள். உடம்பை முதலில் கழுவித் துண்டில் சுற்றிவிடுங்கள், தலை கடைசி. பச்சைப்பிள்ளையின் உடல் பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தலைதான். கேமரன் மலைக் குளிரில் ஈரத்தலையோடு வைத்திருந்தால் சூடு அப்படியே இறங்கிவிடும். பிள்ளையின் முதுகு உங்கள் முன்கையில், பின்னந்தலை உங்கள் உள்ளங்கையில். முகம் கூரையைப் பார்க்க, தலை கொஞ்சம் பின்னால் சாய்ந்திருக்கட்டும். ஷாம்பு ஒரு சொட்டு, அதுவும் கையில் குழைத்த பிறகு. வாரத்துக்கு இரண்டு மூன்று தடவைக்கு மேல் வேண்டாம். அலசும்போது இன்னொருவர் புருவத்துக்கு மேல் கையைக் குறுக்கே வைக்கட்டும். ஆள் இல்லையா, சொம்பை விடுங்கள், ஈரத்துணியால் நெற்றியிலிருந்து பிடரிப் பக்கமாகத் துடையுங்கள். அப்படியும் கண்ணில் பட்டால் சுத்தமான வெதுவெதுப்பான தண்ணீரால் கழுவுங்கள். சிவப்பு அடங்கவில்லை, வீங்குகிறது என்றால் கிளினிக்குக்குப் போங்கள்.

மொத்தம் பத்து நிமிட வேலை. மூன்றாவது தடவையில் எனக்குக் கை வந்துவிட்டது. இத்தனை காலமும் இது ஏன் ஆண்களுக்குத் தெரியாத ரகசியமாக இருந்தது?

தெரியாமல் இருப்பதற்கு ஏற்பாடு இருக்கிறது. தீபகற்ப மலேசியாவில் தனியார் துறைத் தகப்பனுக்குச் சட்டப்படி விடுப்பு கிடைத்ததே 2023 ஜனவரி 1 முதல்தான். அதுவும் ஏழு நாள். அதே திருத்தம் தாய்க்கான விடுப்பை 60 நாளிலிருந்து 98 நாளாக்கியது. நல்லதுதான், யார் வேண்டாம் என்றது? ஆனால் தொப்புள்கொடி காய்ந்து விழவே ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதுவரை பிள்ளையைத் துடைத்துவிட்டால் போதும் என்றுதான் பலருக்கும் சொல்லப்படுகிறது. அதாவது, முழுசாகத் தண்ணீர் ஊற்றும் நாள் வருவதற்குள் தகப்பன் வேலைக்குத் திரும்பியிருப்பான். பிறகு வார இறுதி விருந்தாளி. தேத்தண்ணி தயார்.

தோட்டத்து வரலாற்றில் இன்னொன்றும் இருக்கிறது. தாய்மார்கள் வேலைக்குப் போனபோது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆயாக் கொட்டகை இருந்தது. தொழிலாளர் குடியிருப்பு பற்றிய 1990-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் பிள்ளைகளுக்கான காப்பகத்துக்கு இடம் உண்டு. கொட்டகையில் பிள்ளைக்கு ஊற்றியது ஒரு வேலை. அதற்கு ஆள் வைத்தார்கள், சம்பளமும் கொடுத்தார்கள். அதே காரியம் வீட்டுக்குள் வந்ததும் ‘பாசம்’ ஆகிவிட்டது. பாசத்துக்கு ஓய்வு நாள் கிடையாது, முட்டி வலிக்கு மருத்துவ விடுப்பும் கிடையாது.

இலக்கியத்தில் நாம் இதற்குப் புதியவர்கள் இல்லை. பெரியாழ்வார் யசோதையாகிக் கண்ணனை நீராட அழைத்தவர். எண்ணெயும் புளிப்பழமும் எடுத்து வைத்திருப்பதையும், காய்ச்சிய நீரில் நெல்லி போட்டுக் கொப்பரையில் நிரப்பி வைத்திருப்பதையும் அவர் பாட்டில் சொல்கிறார். ஓர் ஆண் இவ்வளவு நுணுக்கமாகக் கவனித்திருக்கிறார் என்று எனக்கு ஆச்சரியம். ஆனால் அவருக்குப் பின்னால் வந்த நாம் பாட்டில் மட்டும் தாயாகிவிட்டு, குளியலறை வாசலில் மறுபடி ஆண்பிள்ளையாகிவிடுகிறோம்.

“அவங்க ஆசைப்பட்டுத்தானே செய்யுறாங்க?” என்று கேட்பீர்கள். ஆசைதான். அத்தை பேரனைத் தொடும்போது முகம் மலர்வதை நான் பார்த்திருக்கிறேன். பேரனைக் கொஞ்சுவதற்கு அவர் சிமெண்டுத் தரையில் உட்கார வேண்டியதில்லை. இப்போது நான் ஊற்றுகிறேன், அத்தை நாற்காலியில் உட்கார்ந்து “கைய இன்னும் கொஞ்சம் மேல வைங்க மாப்ள” என்கிறார். குளிப்பாட்டி முடித்ததும் பிள்ளை அவர் மடிக்குத்தான் போகிறது.

பாட்டியைப் பற்றிக் கவிதை எழுதுங்கள், யாரும் தடுக்கவில்லை. எழுதும் முன் ஒருமுறை சட்டைக் கையை மடித்துவிட்டுப் பிள்ளையை வாங்கிக்கொள்ளுங்கள். தண்ணீர் சூடு சரியா என்று முழங்கையால் பார்த்த பிறகு பேனாவைத் தொடலாம்.