முகமும் அமிலமும்

இரசாயன ஆய்வுகூடத்தில் முதல்நாள் அடியெடுத்து வைக்கும் மாணவனுக்கு நாம் சொல்லும் முதல் விதி, "நீரினுள் அமிலத்தைச் சிறிது சிறிதாக விடுக, அமிலத்தினுள் நீரை ஒருபோதும் விடற்க" என்பதாகும். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவ்விதியைக் கற்பித்தவன் என்ற உரிமை ஒன்றைக் கொண்டே இவ்விழா மலரில் இப்பொருள்பற்றி எழுதத் துணிந்தேன். கல்லூரி அன்னையின் பெருமை பேசவேண்டிய இடத்தில் முகத்தின் தோலைப்பற்றிப் பேசுவதா என்று அன்பர்கள் முறுவலிக்கக்கூடும். அதற்குக் காரணம் உண்டு.

சில காலத்துக்கு முன் என் பழைய மாணவர் ஒருவர் தம் மகளுடன் என் இல்லம் வந்தார். மகளுக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது; நாள் வர நான்கு மாதங்கள் இருந்தன. கன்னங்களும் மூக்கும் கருஞ்சிவப்பேறிச் சிறு பருக்கள் அரும்பியிருந்தன. பச்சைத் தண்ணீரில் முகம் கழுவினாலும் எரிகின்றது என்றாள் அப்பிள்ளை. அழகுநிலையம் ஒன்றிலே, அமிலம் பூசித் தோலை உரித்துவிட்டால் முகம் பளிச்சென்று ஆகிவிடும் என்று கூறியிருந்தனராம். "சேர், நீங்கள் எங்களுக்கு இரசாயனம் படிப்பித்தவர். இதைச் செய்யலாமா?" என்பதே தந்தையாரின் வினா. "இப்போது வேண்டாம், முதலில் தோல் வைத்தியர் ஒருவரிடம் காட்டுங்கள்" என்றேன். அவ்விடைக்குரிய காரணங்களை விரித்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அமிலத்தால் தோலை உரிக்கும் முறை புதியதன்று. செருமானியத் தோல் வைத்தியரான பவுல் கேர்சன் ஊனா என்பார், சலிசிலிக் அமிலம், பீனோல், முக்குளோரோ அசற்றிக் அமிலம் முதலியவை தோலில் விளைக்கும் மாற்றங்களை 1882ஆம் ஆண்டிலேயே விவரித்துள்ளார். கரும்பிற் காணப்படும் கிளைக்கோலிக் அமிலமும், புளித்த பாலில் உண்டாகும் இலற்றிக் அமிலமும் பின்னர் இவ்வரிசையிற் சேர்ந்தன. இவை மேற்றோலின் இறந்த கலங்களைப் பிணைக்கும் கட்டைத் தளர்த்துகின்றன. பழைய படை உதிரப் புதிய படை மேலெழுகின்றது. தக்க நோய்க்குத் தக்க கையால் செய்யப்படுமாயின் இது பயனுள்ள சிகிச்சையே என்பதை நான் மறுக்கவில்லை.

ஆனால் எல்லார் தோலும் ஒன்றன்று. றோசேசியா என்னும் நோய் முகத்தின் நடுப்பகுதியைப் பற்றுவது. பெரும்பாலும் முப்பது வயதுக்குமேல் தலைகாட்டுவது. வெயில், சூடான தேநீர், உறைப்பு, மது, மனக்கலக்கம் ஆகியன அதனைத் தூண்டும். முகம் திடீரெனச் சிவந்து காந்தும், நாளடைவில் அச்சிவப்பு நிலைபெறும், பருக்களும் தோன்றும். இது வெள்ளையர் நோய் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. நம்மவர் மாநிறத்தில் சிவப்பு எளிதிற் புலப்படாமையால், நோயிருந்தும் அது முகப்பரு என்றோ ஒவ்வாமை என்றோ தவறாகக் கொள்ளப்படுவதுண்டு. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் குளிர்காற்றுக்கும் சூடேற்றிய அறைக்குமிடையே வாழும் நம் பழைய மாணவர்கள் இதனை மனத்திற் கொள்வது நலம். நிறத்தை மட்டும் நோக்காது, எரிவும் வெம்மையும் உண்டா என்று நோக்குதல் வேண்டும்.

இத்தகைய தோலில் அமிலம் பட்டால் யாது நிகழும்? நீர் வெளியேறாமலும் நச்சு உட்புகாமலும் காக்கும் மேற்படை அங்கே ஏற்கெனவே நலிந்திருக்கின்றது. நலிந்த மதிலை மேலும் இடிப்பது வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதாகும். அன்றியும், மாநிறத் தோலுக்கு இரண்டாவது ஆபத்தொன்றும் உண்டு. காயமோ அழற்சியோ நேர்ந்த இடத்தில் நிறப்பொருள் மிகுதியாகச் சுரந்து கரும்படலம் படியும்; அது நீங்கப் பல மாதங்கள் செல்லும். மாசற்ற முகம் வேண்டிச் சென்றவர் மாசு பெற்றுத் திரும்புவது இவ்வாறே.

இரசாயனம் பயின்றோர்க்கு இன்னுமொன்று சொல்லல் வேண்டும். புட்டியின்மேல் நூற்றுக்குப் பத்து என்று எழுதியிருப்பது ஒன்றும் உணர்த்தாது. கிளைக்கோலிக் அமிலம் பீ.எச். 3.8 அளவில் ஏறக்குறையப் பாதியே கட்டற்ற அமிலமாக நிற்கும், பீ.எச். பெறுமானம் இறங்க இறங்க அப்பங்கு ஏறும், கடுமையும் ஏறும். அந்த எண்ணை அறியாமல் வீட்டிலே அமிலம் பூசுவது, குறிச்சீட்டில்லாத போத்தலிலிருந்து பரிசோதனை செய்வதற்கு ஒப்பாகும். செறிவு மிக்க உரிப்புப் பொருள்களைத் தக்க மேற்பார்வையின்றிப் பயன்படுத்தவேண்டாமென்று ஐக்கிய அமெரிக்காவின் உணவு மருந்து நிருவாகம் 2024ஆம் ஆண்டிற் பொதுமக்களை எச்சரித்தது வீணன்று.

அவ்வாறாயின் றோசேசியா உடையார்க்கு உரிப்பு முற்றாக விலக்கா? சில வைத்தியர்கள், நோய் தணிந்தபின், சலிசிலிக் அமிலம், மெல்ல உட்புகும் மண்டெலிக் அமிலம் போன்றவற்றை மென்மையான அளவிற் பயன்படுத்துகின்றனர். நான் வற்புறுத்துவது வரிசைமுறையையே. முதலில் நோயை இன்னதென்று அறிதல். இரண்டாவது, வாசனையற்ற மென்மையான கழுவு பொருளாலும் ஈரங்காக்கும் பூச்சாலும் தோலை ஆற்றுதல். மூன்றாவது, நாகவொட்சைட்டு கலந்த பூச்சாலும் குடையாலும் வெயிலைத் தடுத்தல். நான்காவது, மெற்றோனிடசோல், அசெலயிக் அமிலம், ஐவர்மெக்ரின் போன்ற மருந்துகளை வைத்தியர் சொற்படி பூசுதல். இவற்றால் தணிந்த பின்னரும் தேவையுண்டெனத் தோல் வைத்தியர் கருதின், சிறிய இடத்திற் சோதித்துப் பார்த்து உரிப்பைப்பற்றி எண்ணலாம். பதறாத காரியம் சிதறாது.

அப்பிள்ளையின் கதைக்கு மீள்வோம். அவள் இரண்டாண்டுகளாக வெண்மையாக்கும் களிம்பொன்றைப் பூசிவந்தாள். அதில் ஸ்டீரொயிட் மருந்து கலந்திருக்கவேண்டும் என்றும், நோய்க்கு அதுவே வித்து என்றும் வைத்தியர் கண்டார். களிம்பை நிறுத்தியதும் எரிவு முன்னிலும் கூடியது, தாயார் கலங்கினார், பின்னர் மெல்ல மெல்லத் தணிந்தது. மணவறையில் அவள் முகம் பளிங்குபோல் இருக்கவில்லை. சிவப்பின் சாயல் இருந்தது. ஆயினும் எரிவின்றிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அக்களிம்பை அவள் ஏன் பூசினாள்? பெண் பார்க்க வந்தோர் சிலர் நிறம் போதாதென்று கூறிச் சென்றமையால். இங்கே நோய் யாருடையது? பெண்ணின் தோலில் அன்று, நம் கண்ணிலேயே அது குடிகொண்டிருக்கின்றது. கருமேனித் திருமாலையும் நீலகண்டனையும் கைகூப்பித் தொழுது வந்து, வீட்டு முற்றத்தில் மருமகளின் நிறத்தை அளப்பது நமக்கு அழகாகுமா? கல்லூரியிற் பெற்ற கல்வியின் பயன் இதுதானா? உரிக்கப்படவேண்டிய படலம் ஒன்று உண்டெனில் அது இதுவே.

மாணவத் தம்பிகளே, அமிலத்தின் இயல்பை ஆய்வுகூடத்தில் அறிந்துகொள்ளுங்கள். பெற்ற அறிவை வீட்டிலுள்ள அக்கா தங்கையர்க்கும் எடுத்துரையுங்கள். நாளை நீங்கள் மணமகனாகவோ மணமகனின் தமையனாகவோ ஒரு வீட்டுத் திண்ணையில் அமரும்போது, நிறத்தைப்பற்றிய பேச்சு எழுமாயின், அதனை அங்கேயே நிறுத்துங்கள். கல்லூரி அன்னைக்கு நீங்கள் செலுத்தும் விழாக் காணிக்கை அதுவாகட்டும்.