தாயைத் திருத்தாத மகள்

ஆவணப்படம் என்றால் அணைக்கட்டையோ ஆலைக்கழிவையோ காட்ட வேண்டும், பெற்ற தாயின் முன் காமிராவை நிறுத்துவது வெறும் சுயபுராணம் என்றொரு தீர்ப்பு நம் இலக்கியக் கூட்டங்களில் நெடுநாளாகப் புழங்குகிறது. தன்வரலாற்று நாவலைத் தலைமேல் வைத்துக் கொண்டாடும் நண்பர்களே இதையும் சொல்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை. இத்தீர்ப்பை நாம் மறுக்கிறோம்.

அமெரிக்கரான டெபோரா ஹாஃப்மன் 1994இல் எடுத்த 'கம்ப்ளெயின்ட்ஸ் ஆஃப் எ டியூட்டிஃபுல் டாட்டர்' 44 நிமிடப் படம். (ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டது, அது நம் வாதமன்று.) தாய் டோரிஸுக்கு அல்சைமர் நோய். எதிரே நிற்பவள் மகள் என்பதே அவருக்கு மங்கிவிடுகிறது. கல்லூரிக் காலத்துத் தோழி என்று எண்ணிக்கொள்கிறார். மகள் முதலில் விடாமல் திருத்துகிறார். திருத்தத் திருத்தக் கலவரம் மிகுகிறதே ஒழிய நினைவு மீளவில்லை. பிறகு திருத்துவதையே விட்டுவிடுகிறார். தோழி என்றால் தோழி.

இது நோயாளியிடம் சொல்லும் பொய் என்பாரை நாம் கேட்கிறோம்: அந்த மெய் யாருக்குத் தேவைப்பட்டது? தாய்க்கா, மகளாக அறியப்பட விரும்பிய மகளுக்கா? தன் தேவையைத் தாயின் நலம் என்று எண்ணியிருந்ததை மகள் உணரும் இடமே இப்படத்தின் உயிர்நிலை. சுயபுராணம் எழுதுபவர் இந்த இடத்துக்கு வரமாட்டார். மகள் ஒரு பெண்ணோடு வாழ்வது குறித்துத் தாய்க்கு முன்பிருந்த சங்கடமும் மறதியோடு கரைகிறது. அந்தத் துணைவி பிரான்சிஸ் ரீட் தான் ஒளிப்பதிவாளர். இதை உடன்பாடு என்று மெச்சுவது மிகை. மறந்தவர் ஏற்றுக்கொண்டவர் ஆகார்.

ஓர் எதிர்ப்பை மட்டும் நாம் எளிதில் தள்ளமாட்டோம். நினைவிழந்த தாய் படமாக்கலுக்கு எப்படி இசைவு தர முடியும்? பெரும்பகுதியும் மகளே காமிரா முன் அமர்ந்து தன் தடுமாற்றத்தைச் சொல்கிறார், கூண்டில் நிற்பவர் அவர்தாம் என்பது உண்மை. ஆயினும் கேள்வி கேள்வியாகவே நிற்கிறது.

ஆனால், தாயைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்ததைக் காட்டி, "மேலைநாட்டார் இப்படித்தான்" என்போரிடம் நமக்குப் பொறுமையில்லை. நம் வீடுகளில் நினைவிழந்த கிழவியைக் குளிப்பாட்டி, சோறூட்டி, இரவெல்லாம் விழித்திருக்கும் மகளோ மருமகளோ என்ன நினைக்கிறாள் என்று அவர்கள் என்றாவது கேட்டதுண்டா?