ஷவலைப் பிடித்த கைகள்

நீராவி ரயிலை இன்றும் ஆசையாக ஓட்டுகிறவர்கள் ஷவல் வாங்கும்போது மூன்றைப் பார்க்கிறார்கள்: தகடு உலை வாயில் இடிக்காமல் நுழைகிறதா, பிடி ஆளின் உயரத்துக்குப் பொருந்துகிறதா, கரியோடு தூக்க முடிகிற எடையா. நான்காவதாக நாம் ஒன்று கேட்போம்: அதைப் பிடித்த கைகள் யாருடையவை?

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேன் வேலையில் கறுப்பினத் தொழிலாளர்கள் ஏராளம். வெக்கையும் கரிப்புழுதியும் அவர்களுக்கு. டிரைவர் பதவி வெள்ளையருக்கு. கரியைத் தானே உலைக்குள் தள்ளும் இயந்திரம் வந்து வேலை இலகுவானதும், அந்த இடத்துக்கும் போட்டி வந்தது. ஃபயர்மேன் சங்கம் கறுப்பினத்தவரை உறுப்பினராகச் சேர்க்கவில்லை. ஆனால் அவர்கள் பெயரிலும் நிர்வாகத்தோடு ஒப்பந்தம் போட்டது. 1941இல் பெஸ்டர் ஸ்டீல் என்ற கறுப்பின ஃபயர்மேனின் இடம், பணிமூப்பில் குறைந்த வெள்ளையருக்குப் போனது. அவர் வழக்குப் போட்டார். சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன் வாதாடினார். எல்லோருக்கும் பிரதிநிதியாக இருக்கும் சங்கம் இனபேதம் காட்டக் கூடாது என்று 1944இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உறுப்பினராகச் சேர்க்க வேண்டும் என்று மட்டும் உத்தரவிடவில்லை.

தோழர்களே, கருவி மாறினால் கஷ்டம் குறையும். கூடவே வேலையும் கைமாறுகிறதா என்று பார்ப்போம். நம் பெயரில் பேசுகிற மேசையில் நமக்கு நாற்காலி கேட்போம்.